நண்டுக்கறியில் குளித்த மகாராணி

"இஞ்சாருங்கோ, புட்டு ஆறுது!"

குசினியிலிருந்து மனோகரி கூப்பிட்டது புருசனை. எழும்பி வந்தது பூனை.

அவள் அகப்பையும் கையுமாக வெளியே வந்து பார்த்தாள். விறாந்தையில், வெயில் விழுகிற பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தயாபரன் குனிந்திருந்தார். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மற்றக் கையில் அந்தக் காசு. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சாப்பாட்டுக்குக்கூட அந்த வாய் அவ்வளவு ஆசையாகத் திறந்ததில்லை.

"நான் கத்துறது கேக்கேல்லையோ?"

"மனோ, இஞ்சை ஒருக்கா வாரும். இந்தக் கொண்டையைப் பாரும்."

"ஆற்றை கொண்டையை?"

"பவுஸ்தீனான்ரை கொண்டையை. பின்னலைப் பின்னி, உச்சியிலை கொண்டுபோய்ச் சுத்தி... என்ன வடிவு!"

மனோகரி எட்டிப் பார்த்தாள். கறுத்த வட்டம் ஒன்றும், அதற்குள்ளே கறுத்த புடைப்பு ஒன்றும்தான் தெரிந்தன.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"கண்ணாடியைப் போட்டுப் பாருமன்."

"எனக்கென்னத்துக்குக் கண்ணாடி? என்ரை கண் நல்லாத்தான் கிடக்கு."

கண் நல்லாக இல்லை என்று யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர் சொல்லி, கண்ணாடியும் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டால் கிழவி மாதிரித் தெரிகிறது என்று மனோகரி அலுமாரிக்குள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். போடாதபோது என்ன மாதிரித் தெரிந்தது என்பதைக் கண்ணாடி இல்லாமல் அவளால் பார்க்க முடியவில்லை. ஆகவே நிம்மதியாக இருந்தாள், தை மாதம் வரைக்கும்.

தை மாதத்தில் பின்வளவுப் பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டும்போது, ஒரு கிழங்கின் வேரோடு ஒட்டிக்கொண்டு அந்தக் காசு வந்தது. சட்டைப் பொத்தான் என்று நினைத்து எறியப் போன தயாபரன், என்ன தோன்றியதோ, படம் எடுத்துக் கனடாவிலிருக்கும் மகன் வசீகரனுக்கு அனுப்பினார். அவன் அங்கே யார் யாரையோ கேட்டுவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டு போன் எடுத்தான். அது ரோமாபுரி வெள்ளிக்காசாம். ஆயிரத்துத் தொளாயிரம் வருசப் பழசாம். அதில் இருப்பவள் பவுஸ்தீனா என்ற மகாராணியாம். அந்தக் காலத்துக் கப்பல் யாவாரத்தில் இந்தப் பக்கம் வந்திருப்பாளாம்.

கப்பலில் வந்தவள் கப்பலிலேயே திரும்பிப் போயிருக்கலாம். இடம் இல்லாததுபோல இந்தச் சுருவில் ஊருக்கு வந்து, மனோகரியின் கிழங்குப் பாத்திக்குள்ளேயா படுத்துக் கிடக்க வேண்டும்?

மனோகரியின் எரிச்சலுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. தயாபரன் மின்சாரசபையில் மீற்றர் வாசித்துப் பென்சன் எடுத்தவர். ஊரில் இன்றைக்கும் மீற்றர் தயாபரன்தான். மானிப்பாயில் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, அவள் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகுதான் விளங்கியது, அவர் பார்த்தது அவளுடைய தலைக்கு மேலே சுவரில் இருந்த மீற்றரை. "உங்கட மீற்றர் கொஞ்சம் கெதியாய் ஓடுது" என்பதுதான் அன்றைக்கு அவர் அந்த வீட்டில் திருவாய் மலர்ந்தருளிய ஒரே வசனம்.

கட்டி, பெற்று, வளர்த்து, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. அவள் உடுத்த சீலையின் நிறத்தைக்கூட அவர் சொன்னதில்லை. வடிவு பார்க்கத் தெரியாத மனுசன் என்று மனோகரி மன்னித்துக் குடும்பம் நடத்தினாள். இப்போது பார்த்தால், மனுசனுக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. மூக்கின் நீளம், கழுத்தின் வளைவு, கொண்டையின் சுற்று எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளைப் பார்க்கத்தான் மனம் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்று காலை, அடுத்த வளவுக்காரி மேரிஜோசப்பின், தன் புருசன் யாக்கோப்பு கடலிலிருந்து கொண்டுவந்த நண்டை ஓலைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, முகம் கறுத்துக் கிடக்கு?"

"என்ரை வீட்டிலை இப்ப ரெண்டு பொம்பிளையள்."

மேரிஜோசப்பின் நண்டைக் கீழே வைத்துவிட்டுக் குந்திவிட்டாள். முழுக் கதையையும் கேட்டாள்.

"செத்தவளோடை என்னக்கா எரிச்சல்?"

"உயிரோடை இருந்தால் கொண்டையைப் பிடிச்சு இழுத்துவிட்டிருப்பன். செத்தவளை என்னடி செய்யிறது?"

"பேர் என்னெண்டு சொன்னனீங்கள்?"

"பவுஸ்தீனாவாம்."

மேரிஜோசப்பின் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். "அது எங்கட புனிதை ஒராளின்ரை பேரெல்லோ!"

"உன்ரை புனிதை வேறை. இவள் வேறை. நீ சிலுவை போட்டு இவளுக்குப் பலம் குடுக்காதை."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. கொஞ்ச நாளைக்கு எங்கையாவது ஒளிச்சு வையுங்கோ. தேடிக் களைச்சால் மறந்திடுவார்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. தயாபரன் குளிக்கப் போன நேரம் பார்த்து மனோகரி காசை எடுத்தாள். அந்த மனுசன் கால் வைக்காத இடம் குசினி ஒன்றுதான். தூள்ப் போத்தலைத் திறந்து, கறித்தூளுக்குள்ளே மகாராணியை ஆழமாகப் புதைத்தாள். அவளுக்கு மனம் லேசாகிவிட்டது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. தயாபரன் அலுமாரியை நகர்த்தினார். மெத்தையைப் புரட்டினார். கிழங்குப் பாத்தியை இன்னொரு தரம் கிண்டினார். பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். அவருடைய முகம் இப்படி இடிந்துபோனதை மனோகரி கண்டதில்லை. அவளுக்கு டெங்கு வந்து ஆசுப்பத்திரியில் கிடந்தபோதுகூட அவர் பக்கத்துக் கட்டில்காரனோடு வாட்டுச் சுவரின் வயரிங்கைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார். இந்த நினைப்பு வந்ததும், அடுப்பில் கொதித்த நண்டுக்கறிக்குப் பெரிய கரண்டியால் தூளை அள்ளி, ஆத்திரத்தோடு கொட்டினாள். கரண்டிக்குள்ளே எவள் இருந்தாள் என்பதை அவளுடைய கண் கவனிக்கவில்லை.

மத்தியானம் தயாபரன் மனமில்லாமல் நண்டை உடைத்தார். ஓட்டுக்குள்ளே பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பவும் வாய்க்குள்ளே போட்டு, நன்றாகச் சூப்பி, வெளியே எடுத்தார்.

கட்டிய புருசன் இன்னொருத்தியைச் சூப்புவதை நேருக்கு நேர் பார்க்கிற கொடுமை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

"மனோ! வந்திட்டா! இஞ்சை பாரும், முகம் வெளிச்சிட்டுது!"

பழப்புளியில் கொதித்துக் கொதித்து, காலங்காலமாகப் படிந்திருந்த கறுப்பு முழுவதும் கழன்றுவிட்டது. மகாராணி முருங்கையிலை ஒட்டிய கன்னத்தோடு பளபளவென்று மின்னினாள்.

"எத்தினை துணியாலை துடைச்சனான், போகாத ஊத்தை. துலைஞ்சவ, குளிச்சு முழுகி என்ரை சோத்துக் கோப்பைக்கே வந்திருக்கிறா! எப்பிடி வந்தவ?"

"எனக்கென்ன தெரியும்? நண்டு கொண்டுவந்திருக்கும்."

தயாபரன் அதை அப்படியே நம்பினார். "இது சும்மா காசில்லை. இதிலை ஏதோ சக்தி கிடக்கு" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். காசைச் சாமியறைக்குக் கொண்டுபோய், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் இருத்தினார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மனோகரி தன் கையாலேயே அவளுக்கும் சேர்த்து விளக்குக் கொளுத்த வேண்டியதாயிற்று.

ஒளித்தால் திரும்பி வருகிறவளை, ஆள் வைத்து அப்புறப்படுத்த வேண்டும். இப்படிப் பழைய காசு கிடைத்தால் பல்கலைக்கழகத்துக்காரர் வந்து எடுத்துப்போவார்கள் என்று மேரிஜோசப்பின் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். யார் யாரையோ பிடித்து ஒரு நம்பரும் எடுத்துக் கொடுத்தாள். மனோகரி குரலைத் தாழ்த்தித் தகவல் சொன்னாள். நரைத்த தலையோடு, பெரிய பையோடு, ஒரு புரொபெசர் வந்து காசை அள்ளிக்கொண்டு போவார் என்று காத்திருந்தாள்.

வந்தது ஸ்கூட்டி. அதிலிருந்து இறங்கியது நிலாந்தினி என்ற விரிவுரையாளர். இளம்பெண். நீளமான பின்னல். சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது.

தயாபரனும் நிலாந்தினியும் ஒரே பூதக்கண்ணாடிக்கு மேலே இரண்டு தலையையும் கவிழ்த்துக்கொண்டார்கள். மனோகரி தேத்தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு தலைக்கும் நடுவில் தட்டை நீட்டினாள்.

"ஐயா, எப்பிடி இவ்வளவு சுத்தமாய் வைச்சிருக்கிறியள்?"

"நண்டுக்கறியிலை போட்டெடுத்தது, பிள்ளை."

நிலாந்தினிக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது. இருமி முடிந்ததும் அவள் கதை சொல்லத் தொடங்கினாள்.

"இவவின்ரை மனுசன் அன்ரோனினுஸ் எண்ட பேரரசர், ஐயா. இவ செத்தாப்பிறகு அவருக்கு மறக்க ஏலாமல் போட்டுது. இவவின்ரை முகத்தைப் போட்டுக் காசுக்குமேலை காசாய் அடிச்சவர். தெய்வமாக்கிக் கோயிலும் கட்டினவர்."

தயாபரன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "மனுசியின்ரை முகத்தைக் காசிலை போட்டவனோ?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மனோகரியை ஒரு மாதிரிப் பார்த்தார். நேரே அல்ல, பக்கவாட்டில். மேலிருந்து கீழே, நெற்றி, மூக்கு, நாடி என்று.

அவளோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று மனோகரிக்கு விளங்கிவிட்டது.

"செத்தாப்பிறகோ காசு அடிச்சவர்? இருக்கேக்கை என்ன செய்தவராம்?"

"கனக்கக் காசு செத்தாப்பிறகுதான், அன்ரி."

"அப்ப நானும் முதல்லை சாகவேணும்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

நிலாந்தினி காசைக் கொண்டுபோகவும் இல்லை. மியூசியத்தில் சேர்ப்பதற்கு அனுமதி வர வேண்டும், அதுவரைக்கும் ஐயாவிடமே பத்திரமாக இருக்கட்டும் என்றாள். ஆனால் நிறுக்க ஒரு நாள், அளக்க ஒரு நாள், படமெடுக்க ஒரு நாள் என்று வந்துகொண்டேயிருந்தாள். மகாராணியைக் கொண்டுபோகக் கூப்பிட்டவள் மகாராணிக்குத் தோழியாகிவிட்டாள். வருகிற நாட்களில் தயாபரன் நேரத்துக்கே முகம் வழித்து, தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மனோகரி கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் கொண்டையில்தானே மனுசன் மயங்கிக் கிடக்கிறார்? கொண்டை என்ன ரோமாபுரிக்கு எழுதி வைத்த சொத்தா?

ஒரு பின்னேரம் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு, பழைய சவரி முடியையும் சேர்த்துப் பின்னினாள். பின்னலை உச்சிக்குக் கொண்டுபோய், சுற்றிச் சுற்றி, கையில் கிடைத்த கிளிப்பெல்லாம் குத்தினாள். நிலைக்கண்ணாடியில் பார்த்தாள். கண்ணிலிருந்த புகைக்குள்ளே தெரிந்தது மகாராணியேதான். பிறகு விறாந்தையில் போய், தயாபரனின் கதிரைக்கு எதிரே பக்கவாட்டாக இருந்துகொண்டு முருங்கையிலை உருவத் தொடங்கினாள்.

முதலில் கண்டது வேலிக்கு அப்பால் நின்ற மேரிஜோசப்பின்.

"அக்கா! தலையிலை என்ன, புட்டுப்பானையோ?"

மனோகரி பதில் சொல்வதற்குள் தயாபரன் வெளியே வந்துவிட்டார். அப்படியே நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அசையாதேயும். அப்பிடியே இரும். நாடியைக் கொஞ்சம் உயர்த்தும்."

கிளிக் என்றது. அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். சத்தம் போட்டு அல்ல, வாய்க்குள்ளே.

அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கொன்றது. இந்தப் படம் இன்றைக்கே நிலாந்தினிக்குப் போகும், இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். மனோகரி கிளிப்பையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் குசினிக்குள்ளே போனாள். வெங்காயம் உரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஒரு வெங்காயமும் இல்லாமல் அழுதாள்.

அதற்குப் பிறகு தயாபரனுக்கு வேலணையில் அடிக்கடி அலுவல் வந்தது. என்ன அலுவல் என்று மேரிஜோசப்பின்தான் துப்புப் பிடித்து வந்தாள்.

"அண்ணை ஆழ்வாப்பிள்ளைப் பத்தரிட்டைப் போறார், அக்கா. அந்தக் காசையும் கொண்டுதான் போறார். என்ரை கண்ணாலை கண்டனான்."

ஆழ்வாப்பிள்ளைப் பத்தர் கோயில் நேர்த்திக்கு வெள்ளியில் கண், கை, கால் என்று செய்து கொடுப்பதில் பேர்போனவர். பத்தரின் கண்ணுக்கு உயிர் இருக்கும் என்று தீவகம் முழுவதும் சொல்வார்கள்.

அன்றிரவு சாப்பாட்டில் மனோகரி கேட்டாள். "பத்தரிட்டை என்ன வேலை?"

"ஒரு சின்ன வெள்ளி வேலை."

"ஆருக்கு?"

"ஒரு மகாராணிக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைச் சிமிட்டினார்.

மனோகரி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். தாலி கட்டின நாளிலிருந்து இன்றுவரைக்கும் அவளுக்கு ஒரு மூக்குத்திகூட அவராக வாங்கித் தந்ததில்லை. அந்தச் செத்தவளுக்கு நகையாம்!

அடுத்த நாளே வேலணைக்குப் பஸ் ஏறினாள். அவள் படியேறியதும் பத்தர் செய்துகொண்டிருந்த வேலையின்மேல் அவசரமாகத் துணியைப் போட்டு மூடினார். பிறகு மனோகரியைப் பார்த்தார். தலையைச் சரித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அவரும் பக்கவாட்டில்தான் பார்த்தார்.

"என்ன பத்தர், எல்லாரும் என்னைச் சரிஞ்சு சரிஞ்சு பாக்கிறியள்? என்ரை கழுத்துச் சுளுக்கோ, உங்கட கழுத்துச் சுளுக்கோ?"

"சீச்சீ, இல்லையக்கா. வெளிச்சம் எப்பிடி விழுகுதெண்டு பாத்தனான்."

"உதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"சொல்ல ஏலாதக்கா. அண்ணைக்கு வாக்குக் குடுத்திட்டன்."

பத்தரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். மனோகரிக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது மேரிஜோசப்பின் மட்டும்தான். அவளும் மகாராணிக்குச் சிலுவை போட்டவள்.

அந்தக் கிழமையே சாமியறையில் வெற்றிலை வெறுமையாகக் கிடந்தது. காசைக் காணவில்லை. துலைந்தாளாக்கும் என்று மனோகரி வாய்க்குள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பாட்டும் கனநாள் நிலைக்கவில்லை. தோய்த்த உடுப்புகளை அடுக்குவதற்கு அலுமாரியைத் திறந்தவளின் கையில், தயாபரனின் வேட்டிகளுக்கு நடுவில், சிவப்புத் துணியில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தாள். அதே கொண்டை. அதே பக்கவாட்டு முகம். முன்னரைவிட இன்னும் மினுமினுப்பு. பத்தரைக் கொண்டு மினுக்கிப்போட்டு, சாமியறையில் இருந்தவளைப் படுக்கையறைக்கே கொண்டுவந்துவிட்டார்!

ஒளித்துப் பார்த்தாயிற்று. ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. அவளைப் போலக் கொண்டை கட்டியும் பார்த்தாயிற்று. இனி மனுசரால் ஆகாது. நயினாதீவு நாகபூசணி அம்மனின் உண்டியலில் வெள்ளி போடுவது புதினமும் இல்லை, அதில் விழுந்ததை யாரும் திருப்பிக் கேட்பதும் இல்லை. மீற்றர் தயாபரனானாலும் அம்மாளாச்சியோடு வழக்குப் பேச முடியாது.

புருசனிடம் கோயிலுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, குறிகட்டுவான் துறைக்குப் பஸ் எடுத்து, படகில் ஏறினாள். படகு ஆட ஆட, எதிரியின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. துணியை விரித்து, காசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். இவ்வளவு கிட்டத்தில் இதுவரைக்கும் அவள் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பக்கத்தில் கண்ணாடி போட்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். காசைப் பார்த்தார், மனோகரியைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"நல்ல லட்சணமான முகம், பிள்ளை."

"உதோ லட்சணம்? அந்த மூக்கைப் பாருங்கோ, வேலிக் கதியால் மாதிரி. நாடிக்குக் கீழை பாருங்கோ, ரெண்டு மடிப்பு. வயசுபோன நேரத்திலை இவளுக்கு ஒரு கொண்டையும் கோலமும்!"

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நயினாதீவு இறங்குதுறை வரைக்கும் அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்டியலுக்கு முன்னால் மனோகரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "அம்மாளாச்சி, இந்த மூஞ்சியை உன்னட்டை வைச்சிரு. எங்கட வீட்டுப் பக்கம் விட்டுவிடாதை. அந்த மனுசன் ஒருக்காலாவது என்ரை முகத்தைப் பாக்க வேணும், தாயே. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. காசு உள்ளே விழுந்து, மற்ற வெள்ளிகளோடு மோதிச் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கட்டில் முழுக்க வேட்டிகள் கிடந்தன. நடுவில் தயாபரன் வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

"மனோ, இதுக்குள்ளை சிவப்புத் துணியிலை ஒண்டு சுத்தி வைச்சனான். நாளைக்குக் குடுக்கிற சாமான். கண்டனீரோ?"

"தேடாதேங்கோ. அது அம்மாளாச்சியிட்டைப் போட்டுது."

"என்னது?"

"நயினாதீவு உண்டியலுக்குள்ளை போட்டிட்டு வாறன்."

தயாபரன் வேட்டிகளின்மேலேயே இருந்துவிட்டார். "உண்டியலுக்குள்ளையோ?"

"ஓம்! நானோ அவளோ எண்டு நீங்கள் சொல்ல மாட்டியள். நானே முடிச்சுப்போட்டன்." அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. "பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் மீற்றரைப் பாத்தியள். ஆசுப்பத்திரியிலை வயரைப் பாத்தியள். இத்தினை வருசமாய் உங்கட கண்ணுக்கு முன்னாலை நிக்கிறன். அந்தச் செத்தவளைப் பாத்த மாதிரி ஒரு நாள், ஒரேயொரு நாள், என்னைப் பாத்தனீங்களோ?"

தயாபரன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மனோ, பவுஸ்தீனா போய்க் கொஞ்ச நாளாச்சு. அனுமதி வந்து, நீர் இல்லாத நேரம் நிலாந்தினி வாங்கிக்கொண்டு போட்டா. அவ இப்ப மியூசியத்திலை."

மனோகரி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடியே நின்றாள்.

"அப்ப நான் உண்டியலுக்குள்ளை போட்டது?"

"அது வேறை ஆள்."

"வேறை ஆளோ? ஐயோ, இன்னொருத்தியோ!"

"நீர் முகத்தைப் பாக்கேல்லையோ?"

"வடிவாப் பாத்தனான்! கதியால் மூக்கும், நாடிக்குக் கீழை ரெண்டு மடிப்பும். உந்தக் கிழட்டு மூஞ்சிக்கோ பத்தரிட்டை ஓடித் திரிஞ்சனீங்கள்? பாக்கிறதெண்டால் ஒரு வடிவானவளையாவது பாத்திருக்கலாமே!"

தயாபரன் வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, வேட்டிகளுக்குள்ளே சரிந்து விழுந்து சிரித்தார். மனுசனுக்கு மூளை தட்டிவிட்டது என்று மனோகரி பயந்துபோனாள்.

அப்போது வாசலில் யாரோ செருமினார்கள். ஆழ்வாப்பிள்ளைப் பத்தர், கையில் சின்னப் பெட்டியோடு நின்றார். திறந்திருந்த பெட்டிக்குள்ளே, காசைக் கோர்ப்பதற்கான வெள்ளிச் சங்கிலி ஒன்று மின்னியது. மனோகரி போட்ட சத்தம் முழுவதும் வேலிப் படலை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். தன் கைவேலையைப் பழித்துவிட்டார்கள் என்று மனுசனின் முகம் நன்றாக வாடிப்போயிருந்தது.

"என்னிலை பிழை சொல்லாதேங்கோ, அக்கா," என்றார் பத்தர். "அண்ணை தந்த படத்தைப் பாத்து உங்கட முகத்தை வெள்ளியிலை வெட்டேக்கை, நாடியிலை அந்த ரெண்டு மடிப்பையும் எடுத்துவிடட்டோ எண்டு நான் கேட்டனான்; 'என்ரை மனுசியிலை ஒரு மடிப்பும் குறையக்கூடாது' எண்டு அவர்தான் விடேல்லை."